பொழியூரும் நீரோடியும்

பொழியூர் கேரளத்தின் தென்கோடிக் கடலோர ஊர். நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து மணலிலேயே நடந்தால் சிறிது தூரத்தில் நீரோடி வந்துவிடும். அது தமிழ்நாடு, கன்னியாகுமரி மாவட்டம். இரண்டு ஊரிலும் கடலுக்குப் போகிறவர்கள் கத்தோலிக்க மீனவர்கள். இரண்டு ஊர்ப் பங்குகளும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தின் கீழ்தான் இருக்கின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் உண்டு. பேச்சில் தமிழ் எங்கே முடிகிறது, மலையாளம் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இந்தக் கரை முழுவதையும் ஒன்றாகத்தான் அடித்தது. நீரோடி முதல் இரையுமன்துறை வரையிலான எட்டு ஊர்களின் ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். பலர் திரும்பவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் கேரள அரசு, இறந்த மீனவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் என்று அறிவித்தது. தமிழ்நாட்டின் முதல் அறிவிப்பு அதைவிடக் குறைவு. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கான பெண்களும் ஆண்களும் குழித்துறை ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். இரவு வரை எழுந்திருக்கவில்லை. காணாமல் போனவர்களைத் தேடுங்கள் என்பது அவர்களின் முதல் கோரிக்கை. கேரளத்தில் கொடுப்பதை எங்களுக்கும் கொடுங்கள் என்பது அடுத்தது. அப்படிக் கொடுக்க மாட்டீர்கள் என்றால் எங்களைக் கேரளத்தோடேயே சேர்த்துவிடுங்கள் என்ற குரலும் அந்த நாட்களில் கேட்டது. டிசம்பர் 12 அன்று தமிழ்நாடும் 20 லட்சம் என்று அறிவித்தது.

பிள்ளையைக் கடலில் இழந்த தாய் ஒருத்தி, பக்கத்து ஊர்த் தாய்க்குக் கிடைப்பது எவ்வளவு என்று கேட்பதைக் கண்டு முகம் சுளித்தவர்களும் அன்று இருந்தார்கள். அவர்களுக்கு விஷயம் புரியவில்லை. அந்தத் தாய் கணக்குப் பார்த்தது பணத்தை மட்டுமா? என் மகனும் அவள் மகனும் ஒரே கடலில்தான் செத்தார்கள், ஒருவன் உயிருக்கு ஏன் குறைந்த விலை என்பதுதான் கேள்வி. மனிதர் தம்மைப் பிறரோடு வைத்து அளப்பது பற்றி எழுதப்பட்ட ஆய்வுகள் பலவற்றில் அந்தக் கேள்விதான் வெவ்வேறு உருவில் வந்துபோகிறது.

லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் எழுதிய கட்டுரைதான் இத்துறையின் அடித்தளம். உயரத்தை அளக்க அளவுநாடா இருக்கிறது. எடைக்குத் தராசு இருக்கிறது. நான் கெட்டிக்காரனா, வாழ்க்கையில் தேறிவிட்டேனா என்பதற்கு எந்தக் கருவியும் இல்லை. அப்படி இல்லாத இடத்தில் மனிதர் பக்கத்து மனிதரைக் கருவியாக்கிக்கொள்கிறார்கள் என்றார் அவர். அதிலும் எல்லாரையும் அப்படிப் பயன்படுத்துவதில்லை. தன்னைப் போன்றவர் என்று யாரை நினைக்கிறோமோ அவரோடுதான் ஒப்பீடு. எல்லையோரப் பாறசாலைச் சந்தையில் மீன் விற்பவருக்குப் பெருமுதலாளியைப் பார்த்துத் தூக்கம் கெடுவதில்லை. அடுத்த கூடைக்காரியின் மீன் முதலில் தீர்ந்துபோனால்தான் மனம் சுருங்குகிறது.

அதற்கு முன்பே இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கச் சிப்பாய்களை ஆராய்ந்த சாமுவேல் ஸ்டௌஃபரின் குழு 1949இல் ஒரு வியப்பான முடிவை வெளியிட்டிருந்தது. விமானப் படையில் பதவி உயர்வு வேகமாகக் கிடைத்தது. ராணுவக் காவல் பிரிவில் அது அரிது. ஆனால் பதவி உயர்வு முறையைப் பற்றிக் குறைபட்டவர்கள் விமானப் படையில்தான் அதிகம். கூட இருந்தவர்கள் மளமளவென்று ஏறும்போது ஏறாதவனுக்குத்தான் வலி. யாருமே ஏறாத இடத்தில் நின்றவனுக்கு அவ்வளவு வலியில்லை. இதற்கு ஒப்பீட்டு இழப்பு என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலச் சமூகவியலாளர் ரன்சிமன் 1966இல் இதைச் சமூக நீதியோடு இணைத்துத் தனி நூலே எழுதினார்.

இந்த ஆய்வுகளில் 'தன்னைப் போன்றவர்' என்ற சொல் தானாகவே விளங்கிவிடும் ஒன்றைப் போல வருகிறது. எல்லையோர ஊர்களில் அது தானாக விளங்குவதில்லை. அங்கே யார் யாரைப் போன்றவர் என்பதை அரசாணைகளும் சாதிக் கட்டுப்பாடுகளும் வரைபடங்களும் திரும்பத் திரும்ப எழுதியிருக்கின்றன. ஒரு மனிதர் தன்னை எவரோடு ஒப்பிடலாம் என்பதே இங்கே சண்டை போட்டு வாங்கிய உரிமை. 'பிறரோடு ஒப்பிடாதே, நிம்மதியாக இருப்பாய்' என்ற அறிவுரை இந்த மண்ணில் பாதி உண்மைக்கு மேல் தேறாது.

தெற்குத் திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நடந்த அந்தப் போராட்டம், 1820களில் ஒருமுறையும் 1858–59இல் ஒருமுறையும் வன்முறையாக வெடித்தது. அந்தக் காலத்து ஆணைகளைப் படித்தால் அவை துணியைப் பற்றியவை போலவே இருக்காது. யார் யாரைப் போல இருக்கலாம் என்பதுதான் முழுக்க முழுக்க விவாதம். பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோவின் காலத்தில், 1814இல், கிறிஸ்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டுக்கொள்ளலாம், சிரியன் கிறிஸ்தவப் பெண்களைப் போல, மாப்பிள்ளைப் பெண்களைப் போல, என்று அனுமதி வந்தது. 1829 ஆணை, குப்பாயம் சரி, மேல்சீலை கூடாது என்றது. 1859 ஜூலை 26 அன்று வந்த அறிவிப்பு இன்னும் நுணுக்கமானது. கிறிஸ்தவ நாடார் பெண்களைப் போல ரவிக்கை அணியலாம். முக்குவ மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கட்டலாம். வேறு எந்த விதமாகவும் மறைத்துக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது.

'போல' என்ற ஒரு சொல்லைச் சுற்றி ஒரு சமஸ்தானம் சட்டம் போட்டிருக்கிறது. உடம்பை மறைக்கத் தடையில்லை, மேல்சாதிப் பெண் என்று நினைக்க வைக்கும்படி மறைக்கத்தான் தடை. ஒப்பீட்டை மனத்துக்குள் நடக்கும் சிறு பொறாமையாக மட்டும் பார்க்கிறவர்கள் இந்த அறிவிப்பை ஒருமுறை படிக்க வேண்டும். மேலே இருந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு தேவைப்பட்டது, அது இல்லாவிட்டால் தாங்கள் யார் என்று அவர்களுக்கே தெரியாமல் போய்விடும் என்ற பயம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது அதில் வெளிப்படையாகவே இருக்கிறது.

இதே போராட்டக் காலத்தில் சுவாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) தம்மிடம் வந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். தலைப்பாகை அன்று மேல்சாதியின் அடையாளம். அவர் வழியினரின் வழிபாட்டு இடங்களான பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் சிலைக்குப் பதில் கண்ணாடி வைத்தார்கள். தலைப்பாகையோடு வந்து நின்றவர் அதில் தன்னைத்தான் பார்த்தார். வெங்ஙானூரில், பழைய நெய்யாற்றின்கரை வட்டத்தில், புலையர் தலைவர் அய்யங்காளி 1893இல் வில்லுவண்டி ஏறிப் பொதுவழியில் ஓட்டியதும் இதே கதைதான். வண்டி வாங்கக் காசு இருந்தால் போதாது, அதில் ஏறி உட்கார உரிமை வேண்டும் என்றிருந்த காலம் அது. ஊருட்டம்பலத்துப் பள்ளியில் பஞ்சமி என்ற புலையச் சிறுமியை அவர் கொண்டுபோய் உட்கார வைத்தபோது பள்ளியையே கொளுத்தினார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் அடுத்தது மதிப்பெண்ணில் ஒப்பீடு வந்துவிடும் என்பது கொளுத்தியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எல்லை தாண்டிய ஒப்பீட்டை அரசியல் கருவியாக்கியவர் டாக்டர் பல்பு. மருத்துவம் படித்தும் திருவிதாங்கூரில் வேலை கிடைக்காமல் மைசூருக்குப் போனவர். 1896இல் 13,176 பேர் கையெழுத்திட்டு மகாராஜாவிடம் கொடுத்த ஈழவர் மனுவின் பின்னால் நின்றவர் அவர்தான். பிரிட்டிஷ் மலபாரில் தீயர்கள் உத்தியோகத்தில் இருக்கும்போது, அதே மக்களான ஈழவர்களுக்குத் திருவிதாங்கூரில் ஏன் கதவடைப்பு என்பது அந்த இயக்கத்தின் அடிப்படைக் கேள்வி. 121 ஆண்டுகள் கழித்துக் குழித்துறைத் தண்டவாளத்தில் கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்வி.

பிறகு வரைபடம் மாறியது. ஃபெஸ்டிங்கர் தம் கட்டுரையை வெளியிட்ட அதே 1954இல், ஆகஸ்ட் 11 அன்று, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர்-கொச்சிப் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தில் உயிர்கள் போயின. நேசமணி தலைமையிலான அந்த இயக்கம் நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளையும் கேட்டது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் மட்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே கோடு விழுந்தது. அதுவரை ஒரே மகாராஜாவின் குடிகளாக இருந்த அண்ணனும் தம்பியும் மறுநாள் காலை இரண்டு மாநிலத்துக்காரர்கள்.

கோடு விழுந்ததும் அளவுகோலும் இரண்டானது. 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு. தமிழ்நாட்டின் சராசரி 80.09. சென்னையிலிருந்து பார்த்தால் குமரி மாவட்டம் தலைநிமிர்ந்து நிற்கிறது, மேடைக்கு மேடை அதைச் சொல்கிறார்கள். பாறசாலையில் நின்று பார்த்தால் திருவனந்தபுரம் மாவட்டம் 93.02, கேரளம் 94. அதே 91.75 இப்போது ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது. எண் மாறவே இல்லை.

கூலியிலும் இதே கதைதான். ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநிலப் புள்ளிவிவரங்களின்படி 2021–22இல் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் சுமார் 838 ரூபாய், தமிழ்நாட்டில் சுமார் 479, இந்தியச் சராசரி 373. விளவங்கோட்டுக் கொத்தனாரும் கையாளும் காலையில் எல்லை தாண்டிப் போவதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. நாட்டின் சராசரியைவிடக் கூடுதலாகவே தமிழ்நாட்டில் கூலி இருக்கிறது என்று அவரிடம் சொன்னால் ஆறுதலடைய மாட்டார். அவருடைய நாட்டுச் சராசரி எல்லைக்கு அப்பால் அமரவிளையில் இருக்கிறது.

எதிர்த் திசையிலும் பார்வை உண்டு. பாறசாலை, உதியன்குளங்கரை, செங்கல் பகுதிக்காரர்கள் களியக்காவிளைக்கு வந்து பெட்ரோல் போட்டுப் போகிறார்கள். கேரளத்தில் விலை கூடுதல். 2023 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் வரியும் சேர்ந்தது. 2021 மே முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2023 செப்டம்பர் முதல் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை. களியக்காவிளைப் பெண்ணுக்கு இவை உண்டு, கேரளத்து இஞ்சிவிளையில் இருக்கும் அவள் நாத்தனாருக்குக் கிடையாது. நாத்தனார் பக்கத்தில் வேறு கணக்கு: கேரளத்தின் நலஓய்வூதியம் பல ஆண்டுகளாக 1,600 ரூபாய், 2025 நவம்பரிலிருந்து 2,000. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023இல்தான் 1,200 ஆனது. கல்யாண வீட்டுப் பந்தியில் இரு தரப்பும் உட்காரும்போது இந்தக் கணக்குகள் எல்லாம் இலைக்கு வருகின்றன. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று பெரியவர் ஒருவர் சொல்லி முடிக்கப் பார்ப்பார். ஆனால் இரண்டு கரையும் ஒவ்வொரு விதத்தில் உண்மையாகவே பச்சை என்பதால் பேச்சு முடியாது.

இப்படிப்பட்ட பேச்சைப் பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1973இல் ஒரு சுரங்கப்பாதை உவமையால் விளக்கினார். இரண்டு தடங்களிலும் வண்டிகள் நின்றுபோயிருக்கின்றன. பக்கத்துத் தடம் நகரத் தொடங்கியதும் முதலில் மகிழ்ச்சி வரும். நம் தடமும் நகரப் போகிறது என்ற நம்பிக்கை. நேரம் போகப் போக நம் தடம் மட்டும் நின்றபடியே இருந்தால் அந்த நம்பிக்கை கோபமாகத் திரும்பும். ஒப்பீடு வயிற்றெரிச்சலைத்தான் தரும் என்று முடிவு கட்டிவிட முடியாது என்பதற்கு வேறு சான்றும் உண்டு. அமெரிக்காவில் எர்சோ லட்மர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, அக்கம்பக்கத்தாரின் வருமானம் உயர உயர ஒருவர் சொல்லும் மகிழ்ச்சி குறைவதைக் காட்டியது. ஆப்பிரிக்காவின் மலாவியில் ரவாலியனும் லோக்‌ஷினும் 2010இல் கண்டது வேறு: அங்கே ஏழைகளை இந்தக் கவலை பெரிதாக வாட்டவில்லை, ஓரளவு வசதி வந்தவர்களையே வாட்டியது. பக்கத்து வீட்டில் பணம் இருந்தால் அவசரத்துக்குக் கைமாற்றுக் கேட்கலாம் என்ற ஊரில் அந்தப் பணம் முற்றிலும் அயலாருடையது ஆகிவிடுவதில்லை. வளைகுடா வேலைக்குப் போன முதல் ஆள், தன் தெருவிலிருந்து அடுத்தடுத்துப் பத்துப் பேருக்கு விசா ஏற்பாடு செய்த காலம் இந்த ஊர்களிலும் இருந்தது.

ஆனாலும் அந்த வளைகுடாப் பணத்தில் எழும்பும் வீட்டின் முன்னால் ஒரு வைக்கோல் பொம்மை நிற்கும். மலையாளத்தில் நோக்குகுத்தி, தமிழில் திருஷ்டி பொம்மை. ஒப்பிடுகிறவன் மனம் படும் பாட்டை ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஒப்பிடப்படுகிறவன் பயத்தை இந்தப் பொம்மை சொல்கிறது. வீடு கட்டுகிறவன், ஊர்க்கண் தன் மேல் விழும் என்று தெரிந்தே மாடி எடுக்கிறான். அந்தக் கண் விழவும் வேண்டும், பலிக்கவும் கூடாது.

நெருக்கத்தில்தான் அளவு கூர்மையாகிறது. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) விளவங்கோட்டு நாடார் சமூகத்துக்குள்ளேயே பழைய வீட்டுக்காரருக்கும் பனையேறிக்கும் இடையிலான தூரத்தைச் சொல்லும் நாவல். சாதி ஒன்று, சபை ஒன்று, ஆனால் பனையேறியின் மகன் வீட்டுப் பெண்ணை விரும்பினால் உலகம் இடிந்துபோகிறது. மிகச் சிறிய வேறுபாடுகளிலேயே மனிதர் அதிகம் முட்டிக்கொள்கிறார்கள் என்று ஃபிராய்ட் சொன்னதற்கு இந்த எல்லையில் உதாரணம் தேடவே வேண்டாம். குமரி மாவட்டத்துக்காரர் திருவனந்தபுரத்தில் வாய் திறந்தால் 'பாண்டி' என்று கேலி. அதே ஆள் மதுரையிலோ சென்னையிலோ வாய் திறந்தால் 'நீங்க மலையாளியா?' என்ற கேள்வி. இரண்டு ஊரிலும் அளவுகோலின் தவறான முனையில் நிற்கும்படி ஆகிறது அவர் நிலை.

இட ஒதுக்கீட்டிலும் அந்தச் சிறு வேறுபாடு படுத்தியிருக்கிறது. கேரளத்தில் இந்து நாடார், தென்னிந்திய ஐக்கிய சபையைச் சேர்ந்த நாடார் ஆகியோருக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நீண்ட காலமாக இடம் இருந்தது; பிற சபை நாடார்களுக்கு இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலோ கிறிஸ்தவ நாடார்களும் பிற்படுத்தப்பட்டோர்தான். பெரியப்பா மகனுக்கு உண்டு, சபை மாறிய சித்தப்பா மகனுக்கு இல்லை என்ற நிலை வீட்டுக்குள்ளேயே இருந்தது. 2021 பிப்ரவரியில் கேரள அரசு மற்ற கிறிஸ்தவ நாடார்களையும் பட்டியலில் சேர்த்தது. சில மாதங்களில் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

பிள்ளைகள் விஷயத்தில் இரு மாநிலங்களும் ஒப்பீட்டைக் குறைக்க உண்மையாகவே முயன்றிருக்கின்றன. கேரளம் 2005இல் எஸ்.எஸ்.எல்.சி.க்கு மதிப்பெண்ணை எடுத்துவிட்டு கிரேடு கொண்டுவந்தது. தமிழ்நாடு 2017இல் மாநில அளவிலான தரவரிசை அறிவிப்பை நிறுத்தியது. நல்ல முடிவுகள்தான், சந்தேகமில்லை. ஆனால் மே மாதம் பாறசாலைச் சாலையோரம் போய்ப் பார்க்க வேண்டும். 'ஃபுல் ஏ பிளஸ்' வாங்கிய பிள்ளைகளின் முகங்கள் ஃப்ளெக்ஸ் பலகைகளில் வரிசையாக நிற்கும். 2024இல் கேரளத்தில் எழுதிய 4.27 லட்சம் பேரில் 99.69 விழுக்காட்டினர் தேறினார்கள். 71,831 பேருக்கு எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ். ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். ஒன்பது ஏ பிளஸும் ஒரு ஏயும் வாங்கிய பிள்ளைக்குப் பலகையில் இடமில்லை.

அந்தப் பிள்ளையின் நிலை போன்ற ஒன்றை 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கை வைத்து மெட்வெக், மேடி, கிலோவிச் மூவரும் 1995இல் ஆராய்ந்தார்கள். வெண்கலம் வென்றவர்களின் முகத்தில் வெள்ளி வென்றவர்களைவிட மகிழ்ச்சி கூடுதலாகத் தெரிந்தது. வெள்ளிக்காரர் தங்கத்தைப் பார்க்கிறார்; வெண்கலக்காரர் பதக்கமே இல்லாமல் நான்காவதாக நின்றவரைப் பார்க்கிறார். ஒரு ஏ வாங்கிய பிள்ளை வெள்ளிக்காரரின் இடத்தில் நிற்கிறது. எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை வீட்டில் யாராவது அந்த வாரத்தில் சொல்லித்தரலாம். பெரும்பாலும் நேர்மாறாக, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பலகைக்குக் கீழே நிறுத்தித்தான் பேசுகிறார்கள். இந்த ஒப்பீட்டை மட்டும் எந்த வரலாறும் நியாயப்படுத்தாது. குழித்துறையில் உட்கார்ந்தவர்கள் ஓர் அரசைப் பார்த்துக் கேட்டார்கள். இங்கே பதினைந்து வயதுப் பிள்ளையைப் பார்த்துக் கேட்கிறார்கள். பிள்ளையிடம் மாற்றிக்கொடுக்க எதுவும் இல்லை.

அளவுகோல் எப்போது மாறும் என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. சீனக் கிராமங்களிலிருந்து நகரத்துக்கு வேலைக்கு வந்தவர்களை நைட், குணதிலக இருவரும் ஆராய்ந்து 2010இல் எழுதினார்கள். வருமானம் கூடியும், ஊரிலேயே தங்கிவிட்டவர்களைவிட இவர்கள் மகிழ்ச்சி குறைந்தவர்களாக இருந்தார்கள். அவர்களின் எதிர்பார்ப்பு நகரத்து அளவுக்கு உயர்ந்துவிட்டிருந்தது. நெய்யாற்றின்கரையில் வாடகை அறையில் தங்கி வேலை செய்யும் வங்காளத் தொழிலாளிக்கும் இது நடக்கக்கூடியதுதான். வந்த புதிதில் சொந்த ஊர்க் கூலியோடு வைத்துப் பார்த்தால் கைநிறையக் கிடைக்கிறது. சில வருடம் போனால், அதே சாரத்தில் நிற்கும் உள்ளூர்க் கொத்தனாருக்கு எவ்வளவு என்பது கண்ணில் படத் தொடங்கும்.

பொழியூரில் இப்போது பார்வை திசை மாறியிருக்கிறது. கடலரிப்பில் வீடுகளை இழந்துகொண்டிருக்கும் ஊர் அது. தமிழ்நாட்டுப் பக்கம் நீரோடிக் கரையைக் காக்கப் போட்ட கல்வரிசைகளால் அலை தங்கள் பக்கம் திரும்பிவிட்டது என்பது பொழியூர்க்காரர்களின் புகார். அந்தப் பக்கம் தேங்காய்ப்பட்டணத்தில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது, எங்களுக்கு எங்கே என்றும் கேட்கிறார்கள். 2024ஆம் ஆண்டு பட்ஜெட்டில் பொழியூர்த் துறைமுகத்துக்குக் கேரள அரசு 5 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2017 டிசம்பரில் நீரோடிப் பெண்கள் எந்த ஊரைக் காட்டி நியாயம் கேட்டார்களோ, அந்த ஊர்ப் பெண்கள் இடிந்த சுவரின் பக்கத்தில் நின்று நீரோடியின் கல்வரிசையைக் கை நீட்டிக் காட்டுகிறார்கள்.